மாவுக்கட்டைப் பிரித்த பின் மடங்காத முழங்கை

முழங்கை எலும்பு முறிந்து மூன்று, நான்கு வாரங்கள் மாவுக்கட்டில் இருந்த கை, கட்டைப் பிரித்த அன்று முழுதாக நீளவும் செய்யாது, மடங்கவும் செய்யாது. எலும்பு கூடிவிட்டதை எக்ஸ்-ரே காட்டினாலும், சோறு அள்ளிய கை வாய்வரை வருவதில்லை. ‘உள்ளே சதை ஒட்டிக்கொண்டது, எண்ணெய் விட்டு நீவி இழுத்தால் விட்டுவிடும்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அந்தக் கணிப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அதை நம்பிச் செய்யும் வைத்தியம் முழங்கைக்கு மிகவும் ஆபத்தானது.

இறுக்கத்தின் ஒரு பங்கு தசையில் இருக்கிறது. தசையிழை என்பது சார்கோமியர் எனப்படும் நுண்ணிய கண்ணிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நானூற்றில் ஒரு பங்கு நீளத்தில், வரிசையாகக் கோத்த சங்கிலி. பூனையின் கெண்டைக்கால் தசையைச் சுருங்கிய நிலையில் கட்டுப்போட்டு வைத்தால் வரிசையிலுள்ள கண்ணிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துவிடுவதையும், கட்டை எடுத்து இயங்க விட்டதும் அவை விரைவில் மீண்டும் சேர்ந்துகொள்வதையும் 1972-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே அசையாத தசை ஒட்டிக்கொள்வதில்லை, குட்டையாகிறது. அசைவு திரும்பினால் அதுவே தன் நீளத்தை மீட்டுக்கொள்ளும்.

பிடிவாதமான பங்கு மூட்டைச் சுற்றியுள்ள உறையில் இருக்கிறது. காயத்தை ஆற்றுவதற்காக அங்கே வந்து சேரும் செல்கள் கொலாஜன் நாரைச் சுரந்து தழும்பாக நெய்கின்றன. அவற்றுள் ஒரு வகையான மயோஃபைப்ரோபிளாஸ்ட், தசையைப் போலவே சுருங்கி அந்த நாரை இழுத்து இறுக்குகிறது. இதை 1971-இல் ஜெனீவாவில் ஆய்வாளர் கேபியானியும் அவருடைய குழுவினரும் அடையாளம் கண்டார்கள். இந்தச் செல்களைத் தூண்டுவது அழற்சி. இறுகிய மூட்டை வலுவாக இழுத்தால் உறை கிழிந்து இரத்தம் கசிகிறது, அழற்சி மீண்டும் மூள்கிறது, ஆறும்போது முன்பைவிடத் தடித்த தழும்பு உருவாகிறது.

முழங்கையில் இதைவிடப் பெரிய தீங்கும் நேரலாம். மூட்டுறைக்கு நேர் முன்னே படிந்திருக்கும் பிரேக்கியாலிஸ் தசை, எலும்பு முறியும்போதே நைந்திருக்கும். அதை எண்ணெய் தேய்த்து உருவுவதும் கையை வலிய மடக்குவதும் அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு வளரும் நிலைக்குக் கொண்டுபோகக்கூடும். மருத்துவர்கள் இதை மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்கிறார்கள். நீவினால் விட்டுவிடும் என்று நம்பிச் செய்த காரியமே கையைப் பூட்டிவிடுவது வேதனைக்குரியது.

அப்படியானால் என்ன செய்வது? முதலில், பிறர் கை படாமல், நோயாளி தன் தசையைக் கொண்டே மடக்கி நீட்ட வேண்டும். அதில் முன்னேற்றம் நின்றுவிட்டால், கையில் மாட்டிக்கொள்ளும் தாங்கியான ஸ்பிளிண்ட் உதவும். திருகுள்ள ஒருவகை ஸ்பிளிண்ட், நோயாளியால் தாங்க முடிந்த எல்லைவரை கையைக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தி வைக்கிறது. கொலாஜனை நீட்டி அதே நீளத்தில் பிடித்திருந்தால் அதிலுள்ள இழுவிசை நிமிடங்கள் செல்லச் செல்லத் தானாகத் தளர்கிறது. தளர்ந்த பின் திருகை இன்னும் சிறிது முறுக்கலாம். அரை மணி நேரம் வீதம் நாளுக்குச் சில முறை, மாதக்கணக்கில் இதைச் செய்கிறார்கள். விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும் வில்வகை ஸ்பிளிண்டோடு இதை ஒப்பிட்ட சோதனையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. என் கருத்தில் கருவியைவிடப் பொறுமையே முக்கியம். பயிற்சிக்கு மறுநாளும் வலியும் வீக்கமும் நீடித்தால் அன்று அளவு மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம்.

இழந்த அசைவு முழுவதும் திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. நேராக நீட்டிய கையைச் சுழியம் எனக் கொண்டால், அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை 30 பாகைக்கும் 130 பாகைக்கும் இடைப்பட்ட அசைவிலேயே முடிந்துவிடுகின்றன என்று 1981-இல் மோரியும் உடன் ஆய்வாளர்களும் அளந்து கண்டார்கள். எலும்பே வழியை அடைத்து நின்றாலோ, சுண்டுவிரல் மரத்துப்போனாலோ அறுவை மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

விளையாடும்போது கீழே விழுந்து கையை முறித்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு இவ்வளவும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மேற்கை எலும்பின் கீழ்முனை முறிந்த குழந்தைகளிடம் 2013-இல் வெளியான சோதனையில், கட்டைப் பிரித்த பின் பிசியோதெரபி பெற்றவர்களின் கை அது பெறாதவர்களின் கையைவிட மேம்பட்டுவிடவில்லை. சாப்பிடவும் சட்டை மாட்டவும் பந்து எறியவும் அந்தக் கையையே குழந்தை பயன்படுத்தும்போது அசைவு வாரக்கணக்கில் திரும்பி வருகிறது. அதுவரை யாரும் அதைப் பிடித்து இழுக்காமல் இருக்க வேண்டும்.