காதில் கேட்ட பெயரைத் தேடி டவுன்லோடு போடும் முன்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நண்பர்கள் நடத்தும் ஒரு தமிழ் பாட்காஸ்டில் லேப்டாப், விண்டோஸ், பிரிண்டர் என்று அவ்வப்போது பேசவும் செய்கிறேன். இரண்டு பக்கமும் நிற்பதால் ஒரு விஷயம் அடிக்கடி கண்ணில் படுகிறது. வைரஸ் ஏறிப்போய் கடைக்கு வரும் மெஷின்களில் பலவற்றுக்கு ஆரம்பமே, யாரோ நல்ல மனதோடு ஆடியோவில் சொன்ன ஒரு நல்ல சாஃப்ட்வேர்தான். சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார். கேட்டவர் அதை கூகுளில் தேடிய இடத்தில்தான் வினை.

வீரவநல்லூர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் கதையைச் சொல்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது, பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. நம் பக்கம் புழங்கும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் ஆறும் ஏழும்தானே அதிகம். இவர் பஸ்ஸில் வரும்போது ஒரு ஆடியோவில், "ரூஃபஸ்னு ஒரு சின்ன டூல் இருக்கு, அதை வைத்து பென்டிரைவ் தயார் பண்ணினால் பழைய மெஷினிலும் விண்டோஸ் 11 ஏறும்" என்று கேட்டிருக்கிறார். தகவல் உண்மைதான். கடைக்குப் போய் பெயரைத் தட்டியிருக்கிறார், மேலே வந்த முதல் லிங்கை அமுக்கியிருக்கிறார். அது விளம்பரம். "ஸ்பான்சர்டு" என்ற எழுத்து பொடிசாக இருக்கும், அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

இறங்கியது ஒரு பெரிய ஜிப் ஃபைல், திறக்க பாஸ்வேர்டு 1234 என்று பக்கத்திலேயே எழுதியிருந்ததாம். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அசல் ரூஃபஸ் ஒன்றிரண்டு எம்பி அளவுள்ள ஒரே ஃபைல், இன்ஸ்டால் கூடச் செய்ய வேண்டாம், டபுள் கிளிக் செய்தால் ஓடும். அதற்கு எதற்கு ஜிப், எதற்குப் பாஸ்வேர்டு? ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப்பார்க்க முடியாதபடி பூட்டத்தான். பூட்டிய ஜிப்பைப் பெரும்பாலான ஸ்கேனர்களால் திறந்து பார்க்க முடியாது, அந்தப் பூட்டை நம் கையாலேயே திறக்க வைக்கிறார்கள். இலவச சாஃப்ட்வேர் பாஸ்வேர்டு ஜிப்பில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், அழித்துவிடுங்கள்.

மறுநாள் போன் வந்தது. "அண்ணாச்சி, நம்ம ஜிமெயிலுக்குள்ள எவனோ பூந்துட்டான். பாஸ்வேர்ட மாத்திட்டேன், அப்பவும் வெளிய போகமாட்டேங்கான். அவிய சொன்னததான செஞ்சேன்!"

பாஸ்வேர்டு மாற்றியும் ஏன் போகவில்லை? இந்த வகைத் திருட்டு புரோகிராம் பிரவுசரில் சேமித்துள்ள பாஸ்வேர்டுகளோடு, குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகிறது. நாம் ஒருமுறை லாகின் செய்துவிட்டால் அடுத்த தடவை பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடுகிறதே, அந்த அனுமதிச் சீட்டுதான் குக்கீ. அது கையில் இருந்தால் ஓடிபி கூடத் தேவையில்லாமல் நுழைய முடியும். ஆகவே பாஸ்வேர்டு மாற்றுவது பாதி வேலைதான். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் "உங்கள் சாதனங்கள்" என்ற இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும். ஜெராக்ஸ் கடை என்றால் இன்னும் வம்பு, ஊர்க்காரர்களின் ஆதாரும் பட்டாவும் அந்த மெயிலில்தானே வந்து விழுகிறது.

பிடிஎஃப் விஷயமும் இதே மாதிரி. அரசு வேலை விண்ணப்பம் என்றால் ஃபைல் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், உடனே "பிடிஎஃப் சைஸ் குறைக்க" என்று தேடி எதையாவது இறக்குவோம். 2025-ல் கூகுள் விளம்பரம் வழியாகப் பரவிய ஒரு இலவச பிடிஎஃப் எடிட்டர், பல வாரம் ஒழுங்காக வேலை செய்துவிட்டு அப்புறம்தான் பிரவுசரில் கைவைத்தது. "போட்டு ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

சரி, ஆடியோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வீடியோவில் திரையில் முகவரி தெரியும். கட்டுரையில் லிங்க் இருக்கும். பாட்காஸ்ட் கேட்கிறவர் பைக் ஓட்டிக்கொண்டிருப்பார். முக்கூடல் பக்கம் போனால் மடியில் பீடித்தட்டோடு, காதில் ஒற்றை இயர்போனோடு கேட்கிற அக்காமார் இருக்கிறார்கள். கையும் கண்ணும் வேறு வேலையில். மனதில் தங்குவது பெயரின் ஓசை மட்டும், அதுவும் இங்கிலீஷ் பெயர், எழுத்துக்கூட்டலைச் சாயங்காலம் மகன்தான் ஊகிக்க வேண்டும். போலி சைட் நடத்துகிறவனுக்கு இதைவிட வசதி ஏது?

பாட்காஸ்டில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. 2005-ல் ஆப்பிள் ஐடியூன்ஸுக்குள் பாட்காஸ்ட்டைச் சேர்த்த காலத்திலிருந்தே ஒவ்வொரு பகுதியோடும் அந்தக் குறிப்பும் சேர்ந்துதான் வருகிறது, லிங்கை அதில் போட்டுவிடலாம். ஆனால் நம் ஊரில் ஆடியோவை யாராவது இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட, குறிப்பு அறுந்துபோய் குரல் மட்டும் ஊர் சுற்றுகிறது. அதனால் பேசுகிற நண்பர்களே, லிங்க் கீழே இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். முகவரியை வாயாலேயே நிறுத்திச் சொல்லுங்கள். ரூஃபஸ் என்றால் ரூஃபஸ் டாட் ஐஇ. விஎல்சி பிளேயர் என்றால் வீடியோலேன் டாட் ஆர்க், விஎல்சி என்ற பெயர் அந்த முகவரியில் கிடையாது, அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஜிப் ஃபைலைத் திறக்கும் 7-ஜிப் என்றால் நடுவில் ஒரு சின்னக் கோடு, கடைசியில் டாட் ஆர்க்.

தேதியையும் சொல்லுங்கள். பாட்காஸ்ட் எத்தனை வருடம் ஆனாலும் அப்படியே கிடக்கும். ஒரு காலத்தில் கம்ப்யூட்டரில் சேரும் குப்பையைக் கழிக்க எல்லோரும் போடச் சொன்ன சிகிளீனரின் 5.33 பதிப்பில், 2017-ல் அதை உருவாக்கிய நிறுவனத்துக்கே தெரியாமல் வைரஸ் ஏற்றப்பட்டு, அசல் சைட்டிலிருந்தே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போனது. அதற்கு முந்தைய வருடம் அதைப் புகழ்ந்து பேசியவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

கேட்கிறவர்களுக்கு: கூகுளுக்குப் போகும் முன் விண்டோஸிலேயே உள்ள மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தேடிப் பாருங்கள், விஎல்சி அங்கேயே இருக்கிறது. வெளியே எடுத்தால் ஓடவிடும் முன் விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டியில் வெளியீட்டாளர் பெயரைப் படியுங்கள். விஎல்சிக்கு வீடியோலேன், ரூஃபஸுக்கு அக்கியோ கன்சல்டிங். பெயர் தெரியாது என்று மஞ்சளாக வந்தாலே போலி என்று அடித்துச் சொல்ல முடியாது, சில நல்ல இலவச டூல்கள், வெளியீட்டாளர் பெயரைக் காட்டும் டிஜிட்டல் கையெழுத்துக்குக் காசு கட்டுவதில்லை. ஆனால் அந்த இடத்தில் கை தானாக "யெஸ்" அமுக்காமல் நிற்க வேண்டும். "டிஃபெண்டரை (விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க" என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், போடாதீர்கள்.

ஏற்கெனவே ஓடவிட்டுவிட்டீர்களா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சுத்தமான போனிலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லா சாதனங்களையும் வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு. அப்புறம் போட்டோ, டாக்குமென்ட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். எடுத்து வைக்கும்போது டவுன்லோட்ஸ் ஃபோல்டரை விட்டுவிடுங்கள். அதையும் சேர்த்து பென்டிரைவில் காப்பி எடுத்து, புது விண்டோஸில் அதே ஜிப்பை மறுபடி திறந்த ஆளும் நம் கடைக்கு வந்திருக்கிறார்.