ஐகன் வரவில்லை என்று லப்டொப்பைப் போர்மட் பண்ணாதீர்கள்

போன சனிக்கிழமை என் கணினி திருத்தும் கடையைத் திறந்து பத்து நிமிடம் இருக்காது. கிண்ணியாவில் இருந்து ஒரு வாப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறவள். சும்மா இருக்கும் நாட்களில் வெப்சைட் செய்யப் பழகுவோம் என்று வீடியோ பார்த்து, வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோ என்ற நிரல் தொகுப்பைப் போட முயன்றிருக்கிறாள்.

"இன்ஸ்டோல் ஆகுதில்ல சேர். மெஷின்ல பிழை எண்டு சொன்னாங்க, போர்மட்டும் அடிச்சாச்சு. அப்பவும் சரிவரல்ல. புது லப்டொப் எடுக்கணுமா?" என்று வாப்பா கேட்டார். அந்த மனிசன் புது லப்டொப்புக்குக் கடன் கேட்டு இரண்டு இடம் போய்விட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

பிள்ளை கெட்டிக்காரி. என்னென்ன செய்தாள் என்பதைக் கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். வாசித்துக்கொண்டு வந்தேன். முதல் நாளே, ஜாங்கோ ஓடுவதற்குத் தேவையான பைதன் என்ற நிரல் மொழியைப் போட்டிருக்கிறாள். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் (கொமாண்ட் பிரொம்ப்ட்) 'பிப் இன்ஸ்டோல் ஜாங்கோ' என்று அடித்திருக்கிறாள். பிப் என்பது பைதனுக்கான நிரல் பொதிகளை இறக்கி நிறுவும் கருவி. வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்ற ஆங்கில வரி வந்திருக்கிறது. அதோடு சேர்ந்து வரும் சின்னப் பொதிகளின் பெயர்களையும் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். அதாவது முதல் நாள், முதல் முயற்சியில், ஜாங்கோ சரியாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வரியில் எழுதியிருந்தாள்: "டெஸ்க்டொப்பில் ஐகன் வரவில்லை. இன்ஸ்டோல் ஆகவில்லை."

அந்த ஒரு வரியில் இருந்துதான் மற்ற எல்லாம் தொடங்கியிருக்கிறது. ஐகனைத் தேடி கூகுளில் 'ஜாங்கோ டவுன்லோட்' என்று போட்டிருக்கிறாள். ஏதோ ஒரு தளம் ஸிப் கோப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. திறக்கக் கடவுச்சொல் கேட்கும், அதையும் அவர்களே தருவார்கள். 'முதலில் அன்டிவைரஸை நிறுத்துங்கள்' என்று ஒரு குறிப்பு. நிறுத்தியிருக்கிறாள். இரட்டைக் கிளிக் பண்ணியதும் ஒரு பெட்டி மின்னி மறைந்திருக்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளுடைய பேஸ்புக்கில் இருந்து கத்தாரில் இருக்கும் மாமாவுக்கு அவசரமாகக் காசு கேட்டுச் செய்தி போயிருக்கிறது. மாமா அனுப்பியும்விட்டார். பயந்துபோய் யாரிடமோ கேட்க, அவர் ஒன்றையும் பார்க்காமல் முழு டிஸ்க்கையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் வாப்பாவின் உம்மாவின் படங்கள் இருந்தன. மௌத்தாகிவிட்ட அந்த மனுசியின் படங்கள் வேறு எங்கும் இல்லை. லப்டொப்பில் இருப்பது எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கொஞ்சமாவது தோண்டிப் பார்க்கலாம். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை அதுவே துப்புரவாக்கிவிடும். மூன்று மணித்தியாலம் முயன்று பார்த்தேன், ஒரு படம்கூட வரவில்லை.

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜாங்கோவுக்கு ஐகன் கிடையாது. அதைப் போல வெப்சைட் கட்டப் பாவிக்கும் லாரவெலுக்குக் கிடையாது, ரியாக்ட்டுக்கும் கிடையாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் மனதில் பதிவதில்லை, ஏனென்றால் நாம் கணினியைப் பழகியதே ஐகனில்தான். வேர்ட், குரோம், விஎல்சி எல்லாம் கடையில் வாங்கும் இடியப்பப் பார்சல். பிரித்தால் சாப்பிடலாம். ஜாங்கோ என்பது இடியப்ப உரல். மாவை நீங்கள்தான் குழைக்க வேண்டும், நீங்கள்தான் பிழிய வேண்டும், அவிக்க வேண்டும். உரல் வீட்டுக்கு வந்த அன்று மேசையில் இடியப்பம் இல்லையே என்று தேடி, கிடைக்கவில்லை என்று குசினியையே இடித்துக் கட்டுவீர்களா? போர்மட் அடிப்பது அந்த வேலைதான்.

இன்னும் ஒருக்கால் சொல்கிறேன். 2003இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லோரன்ஸ் என்ற ஊரின் பத்திரிகை ஒன்றில் வேலை செய்த நிரலாளர்கள் தொடங்கியதுதான் இந்த ஜாங்கோ. செய்திக்காரர்கள் காலையில் ஒரு பக்கம் கேட்டால் மாலைக்குள் கட்டிக் கொடுக்க வேண்டிய இடம் அது. ஒவ்வொரு தளத்துக்கும் தரவுத்தளம், படிவம், உள்நுழைவு, நிர்வாகப் பக்கம் என்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாமல், பொதுவானவற்றை ஒரு இடத்தில் சேர்த்து வைத்தார்கள். 2005 ஜூலையில் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஆக அது மற்ற நிரலாளர்கள் எடுத்துப் பாவிக்கும் நிரல்களின் தொகுப்பு. உங்கள் போல்டருக்குள் சத்தமில்லாமல் வந்து இருக்கும். நீங்கள் எழுதும் நிரல் கூப்பிட்டால்தான் எழும்பும்.

இலவசம் என்று சொன்னேன் அல்லவா? இலவசமாகத் திறந்து கிடக்கும் ஒன்றை எதற்காக ஒருவன் கடவுச்சொல் போட்ட ஸிப்பில் தருகிறான்? பூட்டிய ஸிப்பின் உள்ளே இருப்பதை அன்டிவைரஸால் வாசிக்க முடியாது, அதற்காகத்தான். திறந்த பிறகும் பிடிபடக்கூடாது என்றுதான் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறான். ஜாங்கோ போன்ற எந்த ஃபிரேம்வேர்க்கை (நிரல் தொகுப்பை) நிறுவுவதற்கும் அன்டிவைரஸை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்து என்று சொல்லும் வீடியோவை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

வந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமா? 'பிப் லிஸ்ட்' என்று அடியுங்கள். பட்டியலில் ஜாங்கோவும் அதன் இலக்கமும் இருந்தால் காரியம் முடிந்தது. கண்ணால் பார்த்தால்தான் மனம் ஆறும் என்றால், ஒரு புரொஜெக்ட் தொடங்கி 'ரன்சேர்வர்' கொடுத்து, பிரவுசரில் 127.0.0.1 என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து 8000 என்று போடுங்கள். ஒரு ரொக்கெட் மேலே போகும் படத்தோடு, நிறுவல் வெற்றி, வாழ்த்துகள் என்று வரும். அது உங்கள் கணினிக்குள் மட்டும் ஓடுகிறது. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடும். அந்த முகவரியைச் சினேகிதிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு 'அவளுக்குத் திறக்குதில்ல' என்று கவலைப்படாதீர்கள்.

பைதனை பைதன் டொட் ஓர்க் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். வழக்கமான இன்ஸ்டோலரின் முதல் திரையில், அடியில், 'பாத்'தில், அதாவது விண்டோஸ் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில், சேர்ப்பதற்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் சரி போட்டுவிட்டு மேலே போங்கள். என்னிடம் வரும் பத்தில் ஐந்து லப்டொப்பில் இந்தப் பெட்டிதான் நோய். 'பைதன்' என்று அடித்தால் மைக்ரோசொப்ட் ஸ்டோர் திறக்கிறதா? பைதன் இல்லை, அல்லது எங்கே இருக்கிறதென்று விண்டோஸுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். மதர்போர்ட்டுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஜாங்கோவை பிப் வழியாகத்தான் எடுக்க வேண்டும். ஏறக்குறைய 8 எம்பி. இரவு டேட்டாவுக்குக் காத்திருக்கக்கூடத் தேவையில்லை. ஆனால் எழுத்தைப் பார்த்து அடியுங்கள். டி, ஜே, ஏ, என், ஜி, ஓ. முதல் எழுத்து டி என்பது உச்சரிப்பில் கேட்காது, அதனால் காதால் கேட்டு எழுதுகிறவர்களுக்குக் கட்டாயம் பிழைக்கும். 2018 ஒக்டோபரில், பிப் பொதிகளை எடுத்துவரும் பைபிஐ களஞ்சியத்தில் இருந்து கெட்ட பொதிகள் ஒரு கூட்டமாகப் பிடிபட்டன. அதில் நான்கு ஜாங்கோவின் பெயரைத் திரித்தவை. ஒன்றில் ஜே இருக்கும் இடத்தில் ஐ. ஒன்றில் என் இல்லை. ஒன்றில் ஜேயும் ஏயும் இடம் மாறியிருந்தன. ஒன்றில் கடைசி ஓவுக்குப் பதில் ஏ. அவசரத்தில் விரல் தவறுகிறவனைப் பிடிப்பதற்கென்றே வைத்த வலை அது. அவற்றை நீக்கிவிட்டார்கள், ஆனால் புதிதாக யாரும் வைக்கமாட்டார்கள் என்று நம்பியிருக்க முடியாது. டியூசன் வகுப்பில் கட்டளைகளை வாயால் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களே, தயவுசெய்து பலகையில் எழுதிப் போடுங்கள்.

இனி இரண்டாம் நாள் பிரச்சினை. "நேத்து வேல செஞ்சது சேர், இண்டைக்கு இல்ல." திருகோணமலையின் எந்த மூலையில் இருந்து வந்தாலும் இதே வசனம்தான். உப்புவெளியா, மூதூரா, தம்பலகாமமா, வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு புரொஜெக்ட்டுக்கும் தனியாக ஒரு சூழலை (வேர்ச்சுவல் என்வயர்மென்ட்) உருவாக்கி அதற்குள் ஜாங்கோவைப் போடச் சொல்லித் தருகிறார்கள். நல்ல பழக்கம், நானும் அதையே சொல்வேன். ஆனால் சன்னலை மூடி மறுநாள் திறந்தால் அந்தச் சூழலுக்குள் திரும்பவும் நுழைய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வெளியே நின்றுகொண்டு கூப்பிட்டால் ஜாங்கோ எப்படி வரும்? அந்த எரரைப் பொறுமையாக வாசித்தால், ஜாங்கோவை எடுக்க முடியவில்லை, நிறுவியது நிச்சயமா, சூழலைச் செயற்படுத்த மறந்துவிட்டீர்களா என்று அதுவே கேட்கும். எரரே வழி சொல்கிறது, பிள்ளைகளே. சிவப்பு எழுத்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். மேலிருந்து இருபது வரி வந்தாலும் கடைசி வரியில் இருந்து வாசிக்கத் தொடங்குங்கள். விளங்காத சொல்லை அகராதியில் பாருங்கள், வெட்கமில்லை.

விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் சூழலுக்குள் நுழையப் போனால் ஸ்கிரிப்ட் ஓட அனுமதி இல்லை என்று மறிக்கும். அதற்காகப் பாதுகாப்பை முழுவதும் தளர்த்தும் கட்டளை ஒன்று வீடியோக்களில் சுற்றுகிறது. வேண்டாம். கொமாண்ட் பிரொம்ப்ட்டைத் திறந்து அங்கே செய்யுங்கள், அந்தச் சிக்கலே வராது. 'அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு' என்பதும் தேவையில்லை.

பழைய வீடியோவைப் பார்த்துப் புதிய ஜாங்கோவில் அடிப்பதும் ஒரு வில்லங்கம். பழைய பாடங்களில் 'யூஆர்எல்' என்று ஒரு சார்பை (ஃபங்ஷனை) கொண்டுவந்து முகவரிகளை எழுதுவார்கள். 4.0 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். பாடத்தில் உள்ளபடி அடித்தால் எரர் வரும். உடனே நிறுவல் பிழை என்று எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். வீடியோ வெளியான வருடத்தை முதலில் பாருங்கள். எதைப் போடுவது என்று கேட்டால், 5.2ஐப் போடுங்கள். 2025 ஏப்ரலில் வந்தது, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஜாங்கோவின் சொந்தத் தளத்தில் இருக்கும் தொடக்கப் பாடம் எந்த வீடியோவையும் விடத் திறம். ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம்.

பெற்றோருக்கு ஒரு விசயம். நகையை அடகு வைக்காதீர்கள். ஜாங்கோ படிக்க விலை கூடிய மெஷின் தேவையே இல்லை, நாலு ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப் போதும். விண்டோஸ் 7 என்றால் மட்டும் கரைச்சல். அதில் பைதன் 3.8க்கு மேல் ஏறாது, அதற்கு 2024 ஒக்டோபரோடு ஆதரவும் முடிந்துவிட்டது. அப்படியான மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன், பிள்ளைகள் ஒரு கிழமையில் பழகிவிடுகிறார்கள். நம்முடைய கடற்கரை ஊர் லப்டொப்புகளை உப்புக்காற்றுத் தின்கிறது உண்மை, சார்ஜர் போர்ட்டும் கீபோர்ட்டும் துருப்பிடித்து வருகின்றன. ஆனால் உப்புக்காற்றால் பிப் வேலை செய்யாமல் போனதை நான் கண்டதில்லை.

யாராவது ஏற்கெனவே அப்படியான கோப்பைத் திறந்துவிட்டீர்கள் என்றால், வைஃபையை உடனே நிறுத்துங்கள். வேறொரு சுத்தமான போனில் இருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், பிறகு பேஸ்புக், பிறகு வங்கி. மாற்றினால் மட்டும் போதாது. எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேறு என்ற தெரிவையும் கட்டாயம் அழுத்துங்கள். அவர்கள் திருடுவது கடவுச்சொல்லை மட்டும் இல்லை, நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளத்தையும்தான். அது கையில் இருந்தால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே வருவார்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். சொந்தக்காரருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பிச் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட்டு மறைத்தால் காசு போவது அவர்களுக்கு. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கும் அறிவியுங்கள். இத்தனைக்கும் பிறகுதான் போர்மட் பற்றி யோசிக்கலாம். அதுவும் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்த பிறகு. இந்த ஒரு இடத்தில் விண்டோஸைப் புதிதாக அடிப்பது சரியான வைத்தியம்தான், நான் மறுக்கவில்லை. ஐகன் வராததற்கு அது வைத்தியம் இல்லை.

என்னைப் போலக் கடை வைத்திருக்கும் தம்பிமாரே, வந்தவுடன் போர்மட் சொல்லாதீர்கள். அது நமக்குச் சுகமான வேலை என்று எனக்கும் தெரியும். படங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு கேள்வி கேட்க அரை நிமிடம் ஆகாது.

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே பைதனைப் போட்டு, அவளையே திரும்ப அடிக்கச் சொன்னேன். கால் மணித்தியாலத்தில் ரொக்கெட் வந்தது. வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அவள் ஒன்றும் பேசவில்லை. கொப்பியில் 'இன்ஸ்டோல் ஆகவில்லை' என்று எழுதியிருந்த வரியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஜாங்கோவில் மாட்டிக்கொண்டால் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறத் தேவையில்லை. திரையை முழுசாக, கடைசி வரி தெரியப் படம் எடுத்து, நிரல் தெரிந்த யாருக்காவது வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வகுப்பு ஆசிரியருக்கு அனுப்பலாம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் அக்காமார் அண்ணாமாருக்கு அனுப்பலாம், எனக்கும் அனுப்பலாம். பதில் வரும்வரை எதையும் அழிக்காதீர்கள்.