ஒரு டிப்பர் எத்தனை காருக்குச் சமம்?

ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரி வரப்போகிறது என்றால், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வரும். வெடி, தூசி, நிலத்தடி நீர் என்று பக்கம் பக்கமாகப் போகும் அந்த அறிக்கையில், லாரிப் போக்குவரத்துக்குப் பெரும்பாலும் ஒரு சின்ன அட்டவணைதான் கிடைக்கும். கடைசிக் கட்டத்தில் 'சாலையின் சேவைத்தரம் மிக நன்று' என்று எழுதியிருப்பார்கள். குவாரி திறந்து அடுத்த மழைக்காலத்துக்குள் அதே சாலையில் பஸ் தத்தளிக்கிறது. அட்டவணையில் கணக்குத் தவறு எதுவும் இருக்காது. அது பதில் சொல்லும் கேள்வி வேறு.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். குவாரி ஆண்டுக்கு 3 லட்சம் டன் ஜல்லி அனுப்புகிறது, 300 நாள் வேலை. நாளுக்கு 1,000 டன். பத்துச் சக்கர டிப்பர் ஒன்று 18 டன் ஏற்றினால் சுமார் 55 லோடு. காலியாக வருவதையும் சேர்த்தால் 110 நடை. நெரிசல் கணக்கில் ஒரு லாரியை மூன்று காராக வைப்பார்கள். ஆக 330 கார் அலகு. 3.75 மீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தடக் கிராமச் சாலை நாளுக்கு 2,000 கார் அலகு தாங்கும் என்பது, சாலை விதிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுகோல். ஆறில் ஒரு பங்குதானே, தாராளமாக இடமிருக்கிறது என்று அறிக்கை முடித்துக்கொள்கிறது.

வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்குமா என்ற கேள்விக்கு இது சரியான பதில். சாலை பிழைக்குமா என்று கேட்டால் எண்ணிக்கையை விட்டுவிட்டு அச்சுச் சுமையை, அதாவது சக்கரங்களை இணைக்கும் ஒவ்வொரு அச்சும் சாலைமேல் இறக்கும் எடையைப் பார்க்க வேண்டும்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சோதனைக்கென்றே வளையச் சாலைகள் போட்டு, ராணுவ ஓட்டுநர்களை வைத்து வெவ்வேறு எடையுள்ள லாரிகளை இரண்டு ஆண்டுகள் ஓட்டினார்கள். அதிலிருந்து கிடைத்த முடிவு இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது: சாலைக்கு ஏற்படும் சேதம், அச்சுச் சுமையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது. சுமை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு.

இந்த விதியை நம் டிப்பருக்குப் போடுவோம். 2018-இல் உயர்த்தப்பட்ட வரம்புப்படி மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 28.5 டன் வரை போகலாம், முன்னச்சில் 7.5, பின்னிரட்டை அச்சில் 21. எட்டு டன் சொச்சம் சுமக்கும் 'திட்ட அச்சு' ஒன்று தரும் சேதத்தை ஒன்று என்று வைத்தால், இந்த லாரி ஒருமுறை போவது சுமார் 5.4 திட்ட அச்சுக்குச் சமம். காலியாகத் திரும்பும்போது கால் திட்ட அச்சுதான். ஒரு காரின் சேதமோ எழுதிக்காட்டக்கூட முடியாத அளவு சிறியது. நெரிசல் அட்டவணையில் மூன்று காராக நிற்கும் லாரி, சேதக் கணக்கில் பல்லாயிரம் கார்களுக்குச் சமம்.

ஆண்டுக் கணக்கு இன்னும் கலங்க வைக்கிறது. 55 லோடு, 300 நாள் என்றால், காலி நடையும் சேர்த்து ஏறக்குறைய 93,000 திட்ட அச்சுகள். கிராமச் சாலைகளைப் போக்குவரத்து வாரியாக டி1, டி2 என்று வகைபிரித்துத்தான் வடிவமைக்கிறார்கள். டி3 வகைச் சாலை பத்தாண்டு முழுவதற்கும் சேர்த்து 60,000 முதல் 1 லட்சம் திட்ட அச்சு தாங்கினால் போதும். பத்தாண்டுக்கு ஊர் வைத்திருந்த ஆயுளை ஒரே குவாரி ஓராண்டு சொச்சத்தில் தின்றுவிடும்.

இவ்வளவும் சட்டப்படி ஏற்றினால். ஜல்லி ஒரு யூனிட் ஏறத்தாழ நாலரை டன். நான்கு யூனிட் ஏற்றினால் நம் கணக்கு சரி. அதே வண்டியில் ஆறு யூனிட் ஏற்றினால் மொத்த எடை 37 டன்னைத் தாண்டும். சேதம் சுமார் மூன்று மடங்கு. லோடுகளின் எண்ணிக்கை குறைவதால் பாதிப்பும் குறையும் என்று சொல்வார்கள். லோடு மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆனால் மொத்தச் சேதம் இரட்டிப்பாகும்.

சாலை முதலில் உடைவது பெரும்பாலும் ஓரத்தில். டிப்பரின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். 3.75 மீட்டர் தாரில் எதிரே பஸ் வந்தால் இரண்டும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியே ஆக வேண்டும். இறங்கி ஏறும் இடத்தில் தாரின் விளிம்பு துண்டு துண்டாகப் பெயரும், மண் அரிக்கும், தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நான்கு விரற்கடை உயரப் படி விழும். ஹாரன் கேட்டு ஒதுங்கும் ஸ்கூட்டரின் முன்சக்கரம் சறுக்குவது அந்தப் படியில்தான். வழியெங்கும் இந்த ஓரத்தை அளந்த அறிக்கையை நான் பார்த்ததில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதலில் அளக்க வேண்டியது. மழை பெய்து கரிசல் மண் ஊறிவிட்டால் அடித்தளத்தின் வலு சரிந்துவிடும். அதனால் கோடையில் காய்ந்த மண்ணை மட்டும் சோதித்துத் தடிமன் முடிவு செய்யக் கூடாது.

அப்புறம் சராசரி என்ற சிக்கல். பத்து மணி நேரத்தில் 110 நடை என்றால் மணிக்கு 11. ஆனால் கட்டட வேலைக்கு ஜல்லி காலையில் வேண்டும். லாரிகள் குவிவதும் பள்ளி வேன் வருவதும் ஒரே நேரத்தில்தான். ஒரு நாள், ஒரு சந்திப்பில் உட்கார்ந்து எண்ணினால் போதாது. அறுவடைக் காலத்திலும் மற்ற காலத்திலும் எண்ண வேண்டும், கூடவே அச்சுகளை எடைபோடவும் வேண்டும்.

இன்னொரு ஓட்டை, தொகுப்புக் கணக்கு. 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளை ஒரு தொகுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த குவாரி இந்தத் தொகுப்பில் வராது. அதன் லாரிகளும் இதே ஊர் முக்கு வழியாகத்தான் நெடுஞ்சாலைக்கு ஏறும். கிணத்துக்கடவு, உத்திரமேரூர் போன்ற குவாரி வட்டாரங்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே 'மிக நன்று' என்று வரலாம். சாலை கூட்டுத்தொகையைத்தான் சுமக்கிறது.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதைக் கேட்கலாம்: குவாரி வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை, மற்ற குவாரிகளையும் சேர்த்து, ஆண்டுக்கு எத்தனை திட்ட அச்சு? இந்தச் சாலை எத்தனைக்காகப் போடப்பட்டது? வித்தியாசத்துக்கு எவ்வளவு தடிமன் கூட்ட வேண்டும்? வாசலில் எடைமேடை வைத்து, நடைச்சீட்டில் (ஒவ்வொரு லோடுக்கும் தரும் அனுமதிச் சீட்டு) இருக்கும் எடையோடு ஒப்பிடுவது யார்? பள்ளி நேரத்தில் லாரி ஓடக் கூடாது என்பதை அனுமதி நிபந்தனையாகவே எழுதலாம். சாலையைப் பலப்படுத்த, குவாரி, சுரங்கக்காரர்களிடம் வசூலித்துப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குச் செலவிடும் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதியையும் கேட்கலாம். ஆனால் அந்த வேலை முதல் லோடு புறப்படும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அடித்தளம் நொறுங்கிய பிறகு மேலே தார் ஊற்றினால் அது ஒரு மழைக்குத் தாங்காது.