உண்ணிக் காய்ச்சல் விட்ட பிறகும்

தங்கச்சிமடம், பாம்பன் பக்கமிருந்து நாயைக் கொண்டுவருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது: "போன வருஷமே உண்ணிக் காய்ச்சல் வந்து ஊசி போட்டு சரியாயிருச்சு டாக்டர். இப்ப திரும்பவும் சாப்பிட மாட்டேங்குது." உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும். வயிற்றை அழுத்தினால் வீங்கிய மண்ணீரல் கையில் தட்டுப்படும். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பணுவுக்குள் மோதிரம் போல ஒரு சின்னஞ்சிறு வளையம். அதுதான் பபேசியா கிப்சோனி, உண்ணி கடித்துப் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி.

பல நாய்களில் இது புதிதாகத் தொற்றியதல்ல, உள்ளேயே தங்கியிருந்த பழைய ஒட்டுண்ணிதான்.

முதல் தொற்றில் நாயின் உடம்பு மூர்க்கமாகச் சண்டை போடும். மண்ணீரலில் இருக்கும் விழுங்கு செல்கள் தொற்றுள்ள சிவப்பணுக்களைத் தின்னும். எதிர்ப்பொருள்கள் நல்ல அணுக்களின் மேலும் ஒட்டிக்கொள்வதால் அவையும் சேர்ந்து அழியும். அதனால்தான் ஒட்டுண்ணி கொஞ்சமாகத் தெரிந்தாலும் ரத்தசோகை கடுமையாக இருக்கிறது. இப்படியே போனால் உடம்பு தாங்காது. ஆகவே நோயெதிர்ப்பு மண்டலமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒழுங்குபடுத்தும் டி செல்களும் இன்டர்லூக்கின்-10 போன்ற புரதங்களும் செய்கிற வேலை அது. அந்தத் தணிப்பில் நாய் பிழைக்கிறது. மிச்சமிருக்கும் ஒட்டுண்ணியும் பிழைத்துக்கொள்கிறது.

இந்தச் சமநிலையைக் குலைப்பதில் எனக்கு அதிகக் கவலை தருவது ஸ்டீராய்டு. சொறிக்கென்று மெடிக்கலில் வாங்கி வாரக்கணக்கில் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டால் நோயெதிர்ப்பு தளர்ந்ததும் ஒட்டுண்ணி பெருகிவிடும். சிவப்பணு அழிவை நிறுத்த நாங்களும் சில நேரம் ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. ஆனால் ஒட்டுண்ணிக்கான மருந்தோடு, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான். தயவுசெய்து நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மருந்திலும் ஒரு விஷயம். பெரிய வகை பபேசியாவுக்கு நன்றாகக் கேட்கும் இமிடோகார்ப் ஊசி, இந்தச் சிறிய வகைக்குச் சரியாகக் கேட்பதில்லை. அட்டோவகோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பதே நல்ல வழி. செலவு கூடத்தான். அதன் பிறகும் சில நாய்களில் ஒட்டுண்ணி மிஞ்சும். அது ஸ்மியரில் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பதில்) சிக்காது, ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

நலமாகத் தெரியும் அந்த நாயிடமிருந்து உண்ணி வழியாக மட்டும் பரவுவதில்லை. மீன் இறங்கும் இடத்தில் நாய்கள் கடித்துக்கொள்ளும்போது ரத்தத்தோடு ரத்தம் கலந்தும் பரவும். தாயிடமிருந்து குட்டிக்குப் போகும். அதனால் ஒருமுறை இந்த நோய் வந்த நாயை ரத்ததானத்துக்குக் கொண்டுவர வேண்டாம், இனப்பெருக்கத்துக்கும் விட வேண்டாம்.

அப்புறம் உண்ணி. நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். மீதி சுவர் வெடிப்பிலும் ஓலைத் தட்டியிலும் நாய் படுக்கும் மூலைகளிலும் இருக்கும். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோல் வெந்துவிடும். உண்ணி மருந்தை வருஷம் முழுக்கக் கொடுங்கள், நம் கடற்கரையில் உண்ணி ஓய்கிற குளிர்காலம் என்று ஒன்று இல்லை. நாய் சோர்ந்தாலோ, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, அன்றைக்கே கூட்டிவாருங்கள்.