எந்த மொழியின் மாமா?

காகசஸ் மலைப்பகுதி நாடான ஜார்ஜியாவில் ஒரு குழந்தை ‘மாமா’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் அப்பா. அங்கே அம்மாவுக்குப் பெயர் ‘டெடா’. மத்திய ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜாரா மொழியிலும் மாமா என்றால் அப்பாதான். ஆப்பிரிக்காவின் சுவாஹிலியிலும், தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப்பகுதியின் கெச்சுவாவிலும், சீனத்திலும் அம்மா. தமிழில் அம்மாவின் உடன்பிறந்தவர். ஹவாய் மொழியில் அது உறவுமுறையே இல்லை: நீட்டி ‘மாமா’ என்றால் வேகமானது, கனமில்லாதது, குறுக்கி ‘மம’ என்றால் மெல்லுவது.

இந்தியிலும் மாமா தாய்மாமன்தான் என்பதில் வியப்பில்லை. அந்த மொழிக் குடும்பமும் திராவிடக் குடும்பமும் பல நூற்றாண்டுகளாக ஒன்றோடொன்று புழங்கியவை. ஆனால் ஜார்ஜியாவுக்கும் ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்கும் என்ன போக்குவரத்து? சுவாஹிலிக்கும் கெச்சுவாவுக்கும் நடுவே ஒரு பெருங்கடலே கிடக்கிறது.

விடை குழந்தையின் வாயில் இருக்கிறது. நாக்கை நுணுக்கமாக வளைக்க வரும்முன்பே குழந்தைக்கு உதட்டை மூடித் திறக்க வந்துவிடும். வாயை அகலத் திறந்தால் ‘ஆ’. உதட்டை மூடி, காற்றை மூக்கு வழியே விட்டுத் திறந்தால் ‘மா’. மூக்கை அடைத்துக்கொண்டு திறந்தால் ‘பா’. பிறந்து ஏழெட்டு மாதத்தில் இதையே திரும்பத் திரும்பச் செய்யும்போது ‘மாமாமா’, ‘பாபாபா’ என்று கேட்கிறது. குழந்தை யாரையும் கூப்பிடவில்லை. வாயைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று முடிவு செய்வது பக்கத்தில் நிற்கும் பெரியவர். எல்லா ஊரிலும் பெரியவர்கள் இப்படித்தான் என்பதால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளிலும் ஒரே சொல் தனித்தனியாக முளைத்துவிடுகிறது.

அப்படியானால் ‘மா’ ஏன் பெரும்பாலும் அம்மாவிடம் போய் ஒட்டிக்கொள்கிறது? ரஷ்யாவில் பிறந்த மொழியியலாளர் ரோமான் யாக்கோப்சன் 1960இல் வெளியான கட்டுரை ஒன்றில் இதற்கு விளக்கம் தந்தார். பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருக்கும். மூக்கு வழியாக மட்டுமே முனக முடியும். அந்த ‘ம்ம்’ பிறகு பாலுக்கும், பசிக்கும், பால் தருபவருக்கும் அடையாளமாகிறது என்றார். அவர் கையில் இருந்தது மானுடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் உலகெங்கும் இருந்து திரட்டிய 1,072 சொற்கள்: அம்மாவுக்கு 531, அப்பாவுக்கு 541. மூக்கொலிகள் அம்மா பக்கமும், ‘ப’, ‘த’ போன்றவை அப்பா பக்கமும் சாய்வது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் அது வெறும் சாய்வுதான். விதியாக இருந்திருந்தால் ஜார்ஜியாவில் அப்பா ‘மாமா’ ஆகியிருக்க முடியாது. லத்தீனில் ‘மம்மா’ என்றால் மார்பகம். 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ் பாலூட்டிகளுக்கு ‘மம்மாலியா’ என்று பெயரிட்டது இந்தச் சொல்லை வைத்துத்தான். யாக்கோப்சனின் கருத்துக்கு வசதியான உதாரணம்.

சரி, குழந்தை வாயில் வராத சொற்களும் ஒத்துப்போகின்றனவே?

மொழியியலாளர்கள் ரசித்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ம்பாபரம் என்ற பழங்குடி மொழி அழியும் தறுவாயில் இருந்தது. 1960களில் மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் அதைப் பதிவு செய்ய முயன்றார். தேடி அலைந்து ஆல்பர்ட் பென்னட் என்பவரைக் கண்டுபிடித்து, அடிப்படைச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். நாய்க்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்? பென்னட் சொன்ன பதில்: ‘டாக்’. கேள்வி புரியாமல் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறாரோ என்று டிக்சனுக்குச் சந்தேகம். ஆனால் அது அசல் ம்பாபரம் சொல்லேதான்.

எப்படி உறுதி செய்தார்கள் என்பதுதான் முக்கியம். அக்கம்பக்கத்து மொழியான யிடினில் நாய்க்கு ‘குடகா’ என்று பெயர், டிர்பலில் ‘குடா’. ம்பாபரம் சொற்களின் முதல் அசையை உதிர்த்துவிடும் மொழி. சொல் ‘க’ வரிசையில் தொடங்கியிருந்தால் அடுத்த அசையின் ‘அ’ ‘ஒ’ பக்கம் திரும்பிவிடும். கடைசி உயிரும் தேய்ந்துவிடும். ‘குடகா’வை இந்தப் பாதையில் நடக்கவிட்டால் ‘டாக்’ வந்து நிற்கிறது. ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வேறு. பழைய ஆங்கிலத்தில் நாய்க்குப் பொதுச்சொல் ‘ஹுண்ட்’. ‘டாக்’ அபூர்வமாகப் புழங்கிய சொல், பிற்காலத்தில்தான் ‘ஹுண்ட்’டை ஓரங்கட்டியது. இரு சொற்களும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் முட்டிக்கொண்டவை.

பாரசீகத்திலும் ‘பேட்’ என்றால் கெட்டது என்றே பொருள். ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிரேக்கத்தில் கண் ‘மாத்தி’, மலாயில் ‘மாத்தா’. கிரேக்கச் சொல் ‘ஓம்மாத்தியோன்’ என்ற பழைய சொல் தேய்ந்தது. மலாய்ச் சொல்லின் சொந்தங்கள் பிலிப்பைன்ஸின் தகாலோகில் ‘மாத்தா’, ஹவாயில் ‘மக்கா’, மடகாஸ்கரில் ‘மாசோ’ என்று கடல் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஜப்பானியரின் ‘அரிகாத்தோ’ போர்த்துக்கீசியரின் ‘ஒப்ரிகாதோ’விலிருந்து வந்தது என்று இன்னமும் சிலர் அடித்துச் சொல்வார்கள். போர்த்துக்கீசியர் ஜப்பானில் கால் வைத்தது 1543இல். அரிதானது என்ற பொருளில் ‘அரிகத்தாஷி’ ஜப்பானிய இலக்கியத்தில் அதற்கு ஐந்து நூற்றாண்டு முன்பே இருக்கிறது.

இத்தனை தற்செயல் நடக்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மொழியில் மெய், உயிர், மெய் என்ற அமைப்பில் மட்டும் சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மெய், 5 உயிர் என்றால் 10 × 5 × 10 = 500 வடிவங்கள். இப்படிப்பட்ட இரண்டு மொழிகளில் 1,000 பொருள்களை ஒப்பிட்டால், ஒலியும் பொருளும் அச்சாகப் பொருந்தும் சொற்கள் தற்செயலாகவே சுமார் 2 கிடைக்கும். உயிரெழுத்து மாறினால் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தால் 10 ஆகும். பொருளும் கொஞ்சம் நழுவலாம், ‘கண்’ணுக்குப் பதில் ‘முகம்’, ‘பார்’ எதுவும் சரி என்று ஒவ்வொரு பொருளுக்கும் பத்துச் சாய்ஸ் கொடுத்தால் 100ஐ எட்டிவிடும். ‘எல்லா மொழியும் எங்கள் மொழியிலிருந்தே’ என்று நீளும் பட்டியல்கள் பெரும்பாலும் இப்படித் தயாராவதுதான். எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் பட்டியல் தயார்.

அப்புறம் உண்மையான உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒற்றுமையைத் தேடக் கூடாது. ஒழுங்கான வேற்றுமையைத் தேட வேண்டும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல்–ஹல்லு, பத்து–ஹத்து, புலி–ஹுலி, பெயர்–ஹெசரு. தமிழில் சொல்லின் முதலில் ‘ப’ வரும் இடங்களில் கன்னடத்தில் ‘ஹ’ வரிசையாக வந்து நிற்கிறது. ஒன்றிரண்டு சொல் என்றால் தற்செயல். வரிசையே இப்படி என்றால் தற்செயல் அல்ல. பழங்கன்னடத்தில் பாலுக்கு ‘பால்’ என்றே இருந்தது என்பது கூடுதல் சாட்சி. இதே ‘ப’–‘ஹ’ மாற்றம் ஜப்பானியத்திலும் நடந்திருக்கிறது. அம்மாவுக்கு அவர்கள் சொல்லும் ‘ஹஹா’ பழைய ஜப்பானியத்தில் ‘பபா’. இங்கே ‘ப’கரம் அப்பாவை விட்டு அம்மாவிடம் போய்விட்டது, யாக்கோப்சன் பாவம்!

ஒரே மாதிரி இருப்பவை இந்த விதியால் பிரிவதும் உண்டு. ஜெர்மனில் ‘ஹாபென்’, லத்தீனில் ‘ஹாபேரே’, இரண்டுக்கும் பொருள் வைத்திருத்தல். மொழிகளும் உறவுதான். ஆனால் லத்தீனின் ‘க’தான் ஜெர்மனில் ‘ஹ’ ஆகும்: கொம்புக்கு ‘கோர்னு’–‘ஹோர்ன்’, நூறுக்கு ‘கெந்தும்’–‘ஹுண்டர்ட்’. எனவே ‘ஹாபென்’னின் உண்மையான உறவு, பிடித்தல் என்று பொருள்படும் லத்தீன் ‘காபெரே’.

மறுபக்கம், ஆர்மேனியத்தில் இரண்டுக்கு ‘எர்க்கு’. லத்தீன் ‘துவோ’வோடும் இந்தி ‘தோ’வோடும் அது ஒரே வேர். ஆங்கில ‘வீல்’, சமஸ்கிருத ‘சக்ர’ இரண்டும் கூட ஒரு தாய் மக்கள். மூலச்சொல் தோராயமாக ‘க்வெக்வ்லொ’. ஆங்கிலத்தின் முன்னோர் முதல் ‘க்வ’வை ‘ஹ்வ’ ஆக்கி, பிறகு ‘வ’ ஆக்கினர். சமஸ்கிருதத்தில் அதே ஒலி ‘எ’க்கு முன்னால் வந்ததால் ‘ச’ ஆனது. ‘எ’ வந்தால் ‘க’ சகரமாவது நமக்கும் புதிதல்ல: கன்னடர் ‘கிவி’ என்று சொல்லும் காதை நாம் ‘செவி’ என்கிறோம்.