சரியான விடையையும் சோதியுங்கள்

0.45, 0.125, 0.6 ஆகியவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தச் சொன்னால், சில மாணவர்கள் 0.125-ஐ முதலில் வைப்பார்கள். புள்ளிக்குப் பின்னுள்ளதை நூற்று இருபத்தைந்து என்று படிக்கிறார்கள். இந்தத் தவறு உடனே கண்ணில் படும். சரியாக எழுதியவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இலக்கங்கள் குறைந்தால் எண் பெரியது என்று தவறாக நம்பும் மாணவரும் 0.6, 0.45, 0.125 என்றுதான் எழுதுவார். முழு மதிப்பெண் கிடைக்கும். தவறான நம்பிக்கையும் உறுதிப்படும். 0.3, 0.75 இவற்றுள் எது பெரியது என்று அடுத்துக் கேட்டால்தான் உண்மை தெரியவரும்.

எத்தனை வினாக்கள் கேட்டோம் என்பதைவிட, தவறான புரிதலைப் பிரித்துக் காட்டும் வினாவைக் கேட்டோமா என்பதே முக்கியம். கொள்குறி வினாவை எளிதானது என்று ஒதுக்குவோர் உண்டு, நான் ஒதுக்குவதில்லை. 52இலிருந்து 27ஐக் கழிக்கும் கணக்கில் 35 என்ற தெரிவைச் சேர்த்துப் பாருங்கள். அதைத் தேர்ந்தெடுப்பவர், கடன் வாங்காமல் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறார். வேறு எந்த விளக்கமும் தேவையில்லை, மறுநாள் எங்கே தொடங்குவது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

நடக்கும்போதே திருத்திக்கொள்ள உதவும் வளரறி மதிப்பீடு, முடிவில் விளைவை அளக்கும் தொகுத்தறி மதிப்பீடு என்ற பிரிவை 1967இல் மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் பாடத்திட்டங்களை மதிப்பிடுவதற்காக முன்வைத்தார். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் அதை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தார். இன்று பல இடங்களில் சிறு தேர்வு என்றாலே வளரறி மதிப்பீடு என்று பெயரிட்டுவிடுகிறார்கள். விடைகளைப் பார்த்தபின் ஆசிரியரின் அடுத்த பாடம் துளியும் மாறவில்லை என்றால், அது மதிப்பெண் பதிவேட்டை நிரப்பும் வேலை மட்டுமே.

வாய்மொழி வினாவிலும் இதே கவனம் வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதை அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் கண்டார். அதை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். செலவே இல்லாத இந்த மாற்றத்தை எல்லா வகுப்புகளிலும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

விடைத்தாளைத் திருப்பித் தரும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். கருத்துரையுடன் மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் பக்கத்து மாணவரின் தாளை எட்டிப் பார்க்கும் பிள்ளைகளை அறிந்த எவருக்கும் இது வியப்பளிக்காது. ‘நன்று’, ‘இன்னும் முயற்சி செய்’ என்ற வரிகளும் உதவாது. ‘மூன்றாம் வரியில் குறி மாறிவிட்டது, அங்கிருந்து மீண்டும் செய்’ என்று எழுதுங்கள். அதைச் செய்து முடிக்க அந்த வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மதிப்பெண்ணை அதற்குப் பிறகு சொல்லலாம்.