சாண்ட் பிளாஸ்டிங்குக்கு முன்னால் ஒரு டார்ச் லைட்

இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய தானியக் களஞ்சியத்தை வாங்கி வீடாக மாற்றுவது பலருக்கும் நீண்ட நாள் ஆசை. பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் பொறியாளராக இங்கே வேலை பார்க்கும் என்னிடம் நம்மவர்களும் இப்போது விசாரிக்கிறார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி, “கறுத்துப்போன உத்திரத்தையெல்லாம் பளிச்சென்று ஆக்கிவிடலாமா சார்?” என்பதுதான். ஆக்கலாம். ஆனால் கட்டடத்தின் கதை பாதிக்கு மேல் அந்தக் கறுத்த மேற்பரப்பில்தான் இருக்கிறது. மணலைப் பீய்ச்சியடித்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும்.

முதலில் டார்ச்சை மரத்தை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தூணும் உத்திரமும் சேரும் இடங்களில் ரோமன் எண்கள் போன்ற கீறல்கள் தெரியும். நான்கு என்பதற்குப் பெரும்பாலும் நான்கு கோடுகளே இருக்கும். தச்சர்கள் சட்டகத்தைத் தங்கள் பட்டறையில் கோத்துப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, வண்டியில் ஏற்றிவந்து நிறுத்தினார்கள். வரிசையில் ஒரு எண் இடறினால், பின்னால் யாரோ அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். காம்பஸால் கீறிய ஆறிதழ்ப் பூ கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் தீயசக்தி அண்டாமலிருக்கப் போட்டது; நம்மூர் வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி.

எதுவும் செருகாத வெற்றுத் துளைகளைக் காட்டி, “இது உடைந்த கப்பலின் மரம்” என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். அநேகமாக இருக்காது. மரம் விலை உயர்ந்த பொருள். இடித்த கட்டடத்தின் மரத்தை அடுத்த கட்டடத்துக்குப் போட்டார்கள்; துளைகள் பழைய பொருத்துகளின் மிச்சம், அவ்வளவுதான்.

வயதை அறிய விரல் பருமனில் துளைத்து எடுக்கும் மாதிரி போதும். அதன் வளையங்களின் அகலத்தை அளந்து, ஏற்கெனவே காலம் தெரிந்த வளைய வரிசைகளோடு ஒப்பிடுவார்கள். ஓக் மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே இழைத்துப் பயன்படுத்தியதால், வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியம் 1426-27இல் கட்டப்பட்டது என்று சொல்ல முடிவதற்கு மர வளையங்களும் ஒரு சாட்சி. ஆனால் துல்லியமான ஆண்டு கிடைக்க, பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையம் வேண்டும். அது இருப்பது பூச்சி அரிக்கும் வெள்ளைப் பகுதியில். உளுத்துப்போனது என்று அதைச் செதுக்கி எறிந்தால் தேதியும் சேர்ந்து போகும்.

எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள் இருக்கிறதா? நடுவில் இருப்பது கதிரடித்த களம். இரண்டையும் திறந்துவைத்து, ஊடே வரும் காற்றில் பதர் தூற்றினார்கள். ஒரு பக்கத்தைச் செங்கல்லால் அடைத்துவிட்டுச் சமையலறை கேட்பவர்களிடம் நான் கண்ணாடி போடச் சொல்லிச் சண்டை பிடிப்பேன்.

அப்புறம், சிமெண்ட். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேறாது. சுவரின் அடியில் கிடக்கும் உத்திரம் உள்ளுக்குள் மக்கும்.

பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றுவது அபராதத்தோடு முடியாத குற்றம், சிறைகூட உண்டு. கூரையில் வௌவால் இருந்தாலும் சட்டம் குறுக்கே வரும். அது அந்த நேரத்தில் அங்கே இல்லாவிட்டாலும் அதன் இருப்பிடத்தைக் கலைக்கக் கூடாது. வேலைக்கு முன்னால் வௌவால் இருக்கிறதா என்று பார்க்கும் அந்திநேர ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். அக்டோபரில் பத்திரம் முடிக்கிறவர்கள் அடுத்த கோடை வரைக்கும் வாடகைக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்க வேண்டும்.